முகம் கழுவ ஓர் இடம்

நான் வேலை பார்க்கும் ஆலை நெய்வேலி டவுன்ஷிப்பைத் தாண்டி இருக்கிறது. சின்னத் தனியார் ஆலைதான். பழுப்பு நிலக்கரியை வாங்கி உடைத்து, சலித்து, லாரிகளில் ஏற்றி வெளியூர்களுக்கு அனுப்புவார்கள். ஒரு கொட்டகையிலிருந்து இன்னொரு கொட்டகைக்கு நிலக்கரி ரப்பர் பெல்ட்டில் போகும். போகிற வழியெல்லாம் சிந்தும். சிந்தியதை மண்வெட்டியால் அள்ளி, சட்டியில் சுமந்து, தொட்டியில் கொட்ட வேண்டும். அதற்காகக் காலை ஆறு மணி ஷிப்டில் பதினெட்டுப் பெண்கள் இருக்கிறோம். எல்லோரும் கான்ட்ராக்ட்.

நான் பிறந்தது குள்ளஞ்சாவடிப் பக்கம். வாக்கப்பட்டது வளையமாதேவிக்கு அருகில். மாமனார் வீட்டில் யாருக்கும் சொந்த நிலம் இருந்ததில்லை. அடுத்தவர் வயலில் நாற்று நட்டு, களை பறித்துப் பிழைத்தவர்கள். சுரங்கத்துக்கு நிலம் எடுக்கும் பேச்சு வந்தபோது நிலம் கொடுத்தவர்களுக்கு வேலை உண்டா இல்லையா என்று ஊரே பேசியது. நிலமே இல்லாத எங்களைப் பற்றி அந்தப் பேச்சில் ஒரு வரியும் வரவில்லை. வயல் வேலை குறையக் குறைய நானே தேடிப் போய் இந்த ஆலையில் சேர்ந்தேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்ததால் லீவு லெட்டர், வங்கிப் படிவம், பிள்ளையின் பள்ளிக்கூட விண்ணப்பம் என்று பதினேழு பேருக்கும் நான்தான் எழுதிக் கொடுப்பேன். அப்படித்தான் இந்த விஷயத்திலும் மாட்டிக்கொண்டேன்.

முன்பெல்லாம் கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் ஒரு நோட்டில் வருகையைக் குறித்துக்கொள்வார். ஒரு நாள் அந்த நோட்டை மூடி வைத்துவிட்டு, கேட்டுக்கு உள்பக்கம் ஒரு கம்பத்தில் முகம் பார்க்கும் இயந்திரத்தை மாட்டினார்கள். பெரிய கைபேசி போல இருக்கும். எதிரில் நின்றால் திரையில் பச்சை வட்டம் வரும், நம் முகம் அதற்குள் விழும், ஒரு பெண் குரல் இனிமையாக "நன்றி" என்று சொல்லும். எங்களை எல்லாம் வரிசையாக நிற்கவைத்துப் படம் பிடித்துப் பதிந்தார்கள். அன்றைக்கு எல்லோரும் பவுடர் பூசி, பூ வைத்து, கல்யாணத்துக்குப் போவது போலப் போயிருந்தோம்.

மறுநாள் காலை எந்தச் சிக்கலும் இல்லை. பதினெட்டு முறை "நன்றி" வந்தது. எங்களுக்கே பெருமையாக இருந்தது. இத்தனை வருஷத்தில் அந்த கேட்டில் எங்களுக்கு நன்றி சொன்ன முதல் ஆள் அது.

சிக்கல் மதியம் இரண்டு மணிக்கு வந்தது. ஒரு மணிக்கு பெல்ட்டை நிறுத்துவார்கள். அந்த ஒரு மணி நேரம் நாங்கள் பெல்ட்டுக்கு அடியில் புகுந்து தேங்கியதை எல்லாம் வாரி எடுப்போம். நிலக்கரித் தூள் காப்பித்தூள் மாதிரி இருக்கும், பறந்து வந்து வியர்வையில் ஒட்டிக்கொண்டால் பசை. வெளியே வரும்போது கண்ணும் பல்லும் மட்டும் தெரியும். அந்தக் கோலத்தில் போய் இயந்திரத்துக்கு முன்னால் நின்றோம்.

"முகம் பொருந்தவில்லை. மீண்டும் முயற்சி செய்யவும்" என்றது அதே இனிமையான குரல்.

எங்களில் மூத்த அக்காதான் வரிசையில் முதலில் நின்றாள். மேல்பட்டாம்பாக்கத்துக்காரி. ஞாயிற்றுக்கிழமை கோயில் பாட்டுக்குழுவில் முன்வரிசையில் நின்று பாடுகிறவள், யாருக்கும் பயப்படாத தொண்டை. இயந்திரத்தின் அருகில் குனிந்து, "நல்லா பாருடி. காலையில பாத்தியே, அதே மூஞ்சிதான்" என்றாள்.

"முகம் பொருந்தவில்லை."

"போட்டோ எடுக்கும்போது எப்படி இருந்தீங்களோ அப்படியே மூஞ்சிய வைங்க" என்று சூப்பர்வைசர் யோசனை சொன்னார். போட்டோ எடுத்தபோது நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். ஆகவே பதினெட்டுப் பேரும் அதே மாதிரி சிரித்துப் பார்த்தோம். எட்டு மணி நேரம் மண்வெட்டி பிடித்துவிட்டு ஒரு கம்பத்தைப் பார்த்துச் சிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. இரண்டு பேருக்கு மட்டும் "நன்றி" கிடைத்தது. அதிலும் ஒருத்திக்கு வேறொருத்தியின் பேர் விழுந்தது.

சூப்பர்வைசர் செக்யூரிட்டியிடம் சொல்லி எங்களை வெளியே அனுப்பினார். ஆனால் வெளியே போனதற்கான பதிவு இல்லையென்றால் அன்றைக்கு அரை நாள்தான் கணக்கு என்றும் சேர்த்துச் சொன்னார். முழு நாள் உழைத்துவிட்டு முகம் கறுப்பாக இருந்ததற்காக அரை நாள்!

கழுவிக்கொண்டு வந்து நிற்கலாம் என்றால் எங்கே கழுவுவது? ஓய்வறையில் குழாய் உண்டு. அது பர்மனென்ட் ஆண்களுக்கு. எங்களுக்கான கழிப்பறை கேட்டுக்கு வெளியே இருந்தது. போய்க் கழுவிவிட்டு வருகிறோம் என்றால், ஷிப்ட் முடிந்து வெளியே போனவர் மறுபடி உள்ளே வரக் கூடாது என்பது செக்யூரிட்டிக்கு உத்தரவு. முகம் காட்டாமல் வெளியே போனால் முழு நாள் கணக்கில்லை. வெளியே போகாமல் முகம் கழுவ வழியில்லை. குடிக்கக் கொடுக்கும் தண்ணீர் கேனில் இரண்டு நாள் கழுவினோம். பதினெட்டு முகத்துக்கு முன்னால் இரண்டு கேன் எந்த மூலைக்கு? பிறகு குடிக்கத் தண்ணீர் இல்லை. சூப்பர்வைசர் சத்தம் போட்டார். அதையும் நிறுத்திவிட்டோம்.

கழுவுமிடம் வேண்டும் என்பது எங்களுக்குப் புதிய கோரிக்கை அல்ல. அதற்கு முன்பே மூன்று விண்ணப்பம் என் கையால் எழுதிக் கொடுத்திருந்தேன். "இடம் கம்பெனியோடது, கம்பெனியக் கேளுங்க" என்பார் கான்ட்ராக்டர். "ஆளுங்க கான்ட்ராக்டரோட ஆளுங்க, அவரக் கேளுங்க" என்பார்கள் கம்பெனியில். இரண்டு பக்கமும் மரியாதையாகத்தான் பேசுவார்கள்.

முதலில் ஒப்பந்தத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளரைப் போய்ப் பார்த்தோம். அவர் குரலுக்கு மைக் தேவையில்லை. எங்கள் குறையைக் கேட்டு மேசையைத் தட்டினார். மறுநாளே நோட்டீஸ் தயாராகிவிட்டது. பன்னிரண்டு கோரிக்கைகள். கழுவுமிடம் பதினொன்றாவதாக இருந்தது.

"அண்ணே, எங்களுக்கு இந்த ஒண்ணு போதும்ணே" என்றேன்.

"ஒண்ணு கேட்டா மதிக்க மாட்டாங்கம்மா. பன்னெண்டு கேட்டாத்தான் நாலாச்சும் குடுப்பாங்க."

"அந்த நாலுல பதினொண்ணாவது வருங்களா?"

அவர் நோட்டீஸை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். கோபித்துக்கொள்ளவில்லை. அந்த நோட்டீஸின் பின்பக்கத்திலேயே எனக்காக எழுதிக் கொடுத்தார்: அழுக்குப் படும் வேலை செய்கிறவர்களுக்குக் கழுவுமிடம் கொடுக்க வேண்டும் என்பது சட்டம், பெண்களுக்குத் தனியாக மறைவாக இருக்க வேண்டும், கான்ட்ராக்டர் செய்யவில்லை என்றால் கம்பெனியே செய்ய வேண்டும். "இத பத்திரமா வெச்சிக்க. கேக்குறப்ப பயப்படாம கேளு" என்றார். அந்தத் தாளை மடித்து என் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டேன்.

பிறகு கம்பெனியின் மனிதவளப் பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். குழாய் என்ற வார்த்தையே அதில் இல்லை. "ஐயா, தாங்கள் வைத்துள்ள இயந்திரத்துக்குக் காலையில் எங்களைத் தெரிகிறது, மதியம் தெரியவில்லை. மதியம் வருபவர்களும் நாங்கள்தான் என்பதை அதற்கு எடுத்துச் சொல்ல வேண்டுகிறோம்" என்று மட்டும் எழுதி, பதினெட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டோம்.

அந்தக் கடிதத்துக்குப் பதிலாக எங்களுக்குக் கிடைத்தது ஒரு பயிற்சி வகுப்பு.

ஏசி போட்ட ஹால். மேடையில் "மகிழ்ச்சியான பணியிடம்" என்று பேனர். கான்ட்ராக்ட் பெண்களை அந்த ஹாலுக்குள் விட்டதே அதுதான் முதல் தடவை. ஆளுக்கொரு சமோசாவும் டீயும் கொடுத்தார்கள். சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர் கழுத்தில் மைக்கை மாட்டிக்கொண்டு இங்குமங்கும் ஓடினார். எங்கள் கையில் பலூனைக் கொடுத்து ஊதச் சொன்னார். கவலைகளை எல்லாம் பலூனுக்குள் ஊதி விட்டதாக நினைத்துக்கொண்டு உடைக்க வேண்டுமாம். பதினெட்டு பலூனும் பட்பட்டென்று வெடித்தன. அது உண்மையிலேயே நன்றாக இருந்தது.

அடுத்து ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்தார். "உங்களிடம் நீங்கள் மாற்ற விரும்பும் ஒரே ஒரு விஷயத்தை எழுதுங்கள். பெயர் வேண்டாம்" என்றார். எழுதத் தெரியாத மூன்று பேருக்கு நான்தான் எழுதினேன். மற்றபடி யாரும் யாரோடும் பேசவில்லை, சத்தியமாக.

அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார்.

"முகம்" என்றது முதல் சீட்டு.

இரண்டாவது: "என் முகம்."

மூன்றாவது: "மதியம் ரெண்டு மணிக்கு என் முகம்."

ஏழாவது சீட்டு வரை படித்ததும் பயிற்சியாளருக்குக் கண் கலங்கிவிட்டது. சீட்டுகளைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் விரித்தார். "சகோதரிகளே! ஒவ்வொரு முகமும் அழகுதான்! முதலில் உங்கள் முகத்தை நீங்கள் நேசியுங்கள்!"

"நாங்க நேசிக்கிறோம் சார். அந்த மெசினுக்குத்தான் புடிக்கல" என்றாள் மூத்த அக்கா.

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். பயிற்சியாளருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பின்வரிசையில் மனிதவளப் பிரிவின் இளம் அதிகாரி உட்கார்ந்திருந்தார். வேலைக்கு வந்து சில மாதமே ஆன பெண். அவரும் தலையைக் குனிந்துகொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். வகுப்பு முடிந்ததும் அந்தச் சீட்டுகளை எல்லாம் பொறுக்கி எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"எல்லாரும் பேசி வச்சு எழுதினீங்களா?"

"இல்லைங்க மேடம். எல்லாருக்கும் ஒரே பிரச்சனை, அதான் ஒரே பதிலு."

"உங்க கடிதத்த நான் படிச்சேன். அது கழுவுமிடம் பத்தின கடிதம்தானே?"

"அப்பிடியும் படிக்கலாங்க மேடம்."

அவர் சிரித்துக்கொண்டே போனார். மேலே குறிப்பு எழுதி அனுப்பியதாகப் பிறகு தெரிந்தது. குறிப்பு மேலாளர் மேசைக்குப் போனது. போன இடத்திலேயே இருந்தது.

இரண்டு வாரம் போயிற்று. ஒரு நாள் பெல்ட் ஆபரேட்டர் தன் கேபினிலிருந்து இறங்கி எங்கள் பக்கம் வந்தார். பெல்ட்டை ஓட்டுவதும் நிறுத்துவதும் அவர் வேலை. டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர், இங்கே பர்மனென்ட். பர்மனென்ட்காரர்கள் டீ குடிப்பது ஒரு இடம், நாங்கள் குடிப்பது ஒரு இடம். நான்கு வருஷத்தில் அவர் எங்களோடு பேசியது மொத்தம் பத்து வார்த்தை இருக்காது. அன்றைக்கு நேராக வந்து கேட்டார்.

"ஏம்மா, நீங்க யாரும் வீட்டுக்கே போறதில்லையா?"

"இன்னாண்ணே சொல்றீங்க?"

"அந்த மெஷின் கணக்கு மேல என் ஸ்க்ரீன்லயும் காட்டுதும்மா. காலையில உள்ள வந்தது இருக்கு, வெளிய போனது இல்ல. பதினெட்டு பேரும் பெல்ட்டுக்கு அடியில இருக்கிறதாவே காட்டுது. ஆள் உள்ள இருந்தா பெல்ட்ட ஓட்டக் கூடாதுன்னு புது ரூல் வேற ஒட்டியிருக்காங்க. தினமும் உங்க சூப்பர்வைசர் போன் பண்ணி, எல்லாம் போயாச்சு ஓட்டுன்னு சொல்றார். அவர் வாய் வார்த்தைய நம்பி ஓட்டிக்கிட்டிருக்கேன். ஒரு நாள் நெஜமாவே யாராவது உள்ள இருந்தா யாரு பதில் சொல்றது?"

அவர் பயம் நியாயமானது. அவர் போன பிறகும் அந்தப் பேச்சு என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஷிப்ட் முடிந்து ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது கூட வந்தவர்களிடம் சொன்னேன்.

"மெசின் கணக்குப்படி நாம வூட்டுக்குப் போகல. நெஜமாவே போவாம ஒக்காந்துட்டா இன்னா ஆவும்?"

"வேலைய வுட்டுத் தூக்கிடுவாங்க" என்றாள் ஒருத்தி.

"இன்னா சொல்லித் தூக்குவாங்க? வேல செய்யிற எடத்துலயே இருந்தாங்கன்னா?" என்றாள் மூத்த அக்கா. அவ்வளவுதான், எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஆட்டோக்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். எனக்கு வேறு கவலை. யோசனை என்னுடையது. யாருக்காவது வேலை போனால் அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

மறுநாள் ஆபரேட்டரிடம் போய்ச் சொன்னோம். அவர் காதைத் தேய்த்துக்கொண்டு நின்றார்.

"உங்களுக்காக நான் எதுவும் பண்ண மாட்டேம்மா. ரூல்ல என்ன இருக்கோ அதை மட்டும் பண்ணுவேன்."

"அது போதுங்கண்ணே" என்றோம்.

அதற்கடுத்த நாள் இரண்டு மணிக்கு வழக்கம்போல வரிசையில் நின்றோம். பதினெட்டு முறையும் "முகம் பொருந்தவில்லை." ஒருத்திக்குக்கூட அன்றைக்கு நன்றி கிடைக்கவில்லை. பக்கத்தில் ஒரு புங்க மரம். அதன் நிழலில் வரிசையாக உட்கார்ந்தோம். கோஷம் எதுவும் போடவில்லை. ஒருத்தி கொண்டுவந்திருந்த அவித்த வேர்க்கடலையைப் பிரித்தாள்.

"இன்னா ஒக்காந்துட்டீங்க? கெளம்புங்க, கெளம்புங்க" என்று சூப்பர்வைசர் வந்தார்.

"இன்னும் அது அனுப்பலைங்க சார்" என்றேன் இயந்திரத்தைக் காட்டி.

"நான்தான் அனுப்பறேனே?"

"நீங்க அனுப்புனா அரை நாளுதானுங்களே. முழு நாளு அது அனுப்புனாத்தான்னு நீங்கதான சொன்னீங்க?"

அவர் எரிச்சலோடு கைபேசியை எடுத்து, "எல்லாம் போயாச்சு, ஓட்டு" என்று ஆபரேட்டரிடம் சொன்னார். கேபினின் கண்ணாடி வழியாக ஆபரேட்டர் எங்களைப் பார்ப்பது தெரிந்தது. அவர் பேசியது சூப்பர்வைசரின் கைபேசியிலிருந்து எங்களுக்கே கேட்டது.

"ஸ்க்ரீன்ல பதினெட்டு பேர் உள்ள காட்டுது சார். எல்லாரும் வெளிய போயிட்டாங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுத்து விடுங்க. ஒடனே ஓட்டறேன்."

சூப்பர்வைசர் எங்களைப் பார்த்தார். மூத்த அக்கா அவருக்கும் ஒரு கை வேர்க்கடலை நீட்டினாள். கண்ணெதிரே பதினெட்டுப் பேர் கடலை உரித்துக்கொண்டிருக்கும்போது யாரும் உள்ளே இல்லை என்று அவர் எப்படிக் கையெழுத்துப் போடுவார்?

பெல்ட் ஓடவில்லை. லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. டிரைவர்கள் இறங்கி வந்து விஷயத்தைக் கேட்டார்கள். கேட்டவர்களில் இருவர் இயந்திரத்துக்கு முன்னால் போய் நின்று தங்கள் முகத்தையும் காட்டிப் பார்த்தார்கள். மூன்று மணிக்கு மேலாளரின் வண்டி வந்தது. அவரோடு இளம் அதிகாரியும் இறங்கினார்.

மேலாளர் கத்துகிற ஆள் அல்ல. தூய வெள்ளைச் சட்டை, சாந்தமான பேச்சு. "என்னம்மா இது, சின்ன விஷயத்துக்குப் போய்? மூஞ்சியத் தொடச்சிட்டு மெஷின் முன்னால நின்னா ஒரு நிமிஷ வேலை" என்றார்.

"எதால தொடைக்கிறதுங்க சார்?" என்றாள் மூத்த அக்கா. "பொடவையும் கரி, மேல போட்டிருக்கிற சட்டையும் கரி."

அவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு பையிலிருந்து மடிப்புக் கலையாத வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து நீட்டினார். நல்ல மனசோடுதான் கொடுத்தார், அதில் சந்தேகமில்லை. மூத்த அக்கா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். நெற்றி, கன்னம், மூக்கு, கழுத்து என்று நிதானமாகத் துடைத்தாள். கைக்குட்டை கறுத்தது. முகத்தில் இருந்த கரி ஒரே சீராக எல்லாப் பக்கமும் பரவியது. இயந்திரத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

"முகம் பொருந்தவில்லை. மீண்டும் முயற்சி செய்யவும்."

அவள் கைக்குட்டையை நான்காக மடித்து மேலாளரிடம் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாள். "இன்னும் பதினேழு பேரு இருக்கோங்க சார்" என்றாள்.

லாரி டிரைவர்கள் பக்கமிருந்துதான் முதல் சிரிப்பு கிளம்பியது. பிறகு நாங்கள். பிறகு செக்யூரிட்டி. மேலாளர் தன் கையில் இருந்த கரித்துணியைப் பார்த்தார். அவர் உதடும் கொஞ்சம் நெளிந்தது.

அந்த நேரத்தில் நான் எழுந்து நின்றேன். சாப்பாட்டுப் பையிலிருந்து செயலாளர் எழுதிக் கொடுத்த தாளை எடுத்து நீட்டினேன். "சார், நாங்க கேக்கறது கழுவறதுக்கு ஒரு எடம். பொம்பளைங்களுக்குத் தனியா. சட்டத்துல இருக்குதுன்னு எழுதியிருக்குதுங்க" என்றேன்.

மேலாளர் அங்கிருந்தே கான்ட்ராக்டரைக் கைபேசியில் பிடித்தார். இடம் கம்பெனியோடது என்று கான்ட்ராக்டர் சொல்வது வெளியே கேட்டது. ஆட்கள் உங்களுடையவர்கள் என்று மேலாளர் சொன்னார். இத்தனை வருஷம் தனித்தனியாக நாங்கள் கேட்ட இரண்டு பதிலையும் அன்றுதான் ஒரே இடத்தில் கேட்டோம். மேலாளருக்கே தான் சொல்வது காதில் விழுந்திருக்க வேண்டும். பேச்சை நிறுத்திவிட்டு இளம் அதிகாரியின் பக்கம் திரும்பினார்.

"அவங்க செய்யலைன்னா நாமதான் சார் செய்யணும்" என்றார் அந்தப் பெண். "என் குறிப்புலயும் அதைத்தான் எழுதியிருந்தேன். உங்க மேசையில இருக்கு."

வேலைக்குப் புதியவர், இத்தனை பேர் முன்னால் மேலாளரிடம் அப்படிச் சொல்வது அவருக்கும் லேசான காரியமாக இருந்திருக்காது.

அரை மணி நேரத்தில் எல்லாம் எழுத்தில் வந்துவிட்டது. ஒரு மாதத்துக்குள் கழுவுமிடம். அது வரைக்கும் குழாய் வைத்த பெரிய டிரம்மில் தினமும் தண்ணீர். கழுவுமிடம் கட்டி முடியும் வரை வெளியே போகும் நேரத்தை அதிகாரியே கையால் எழுதிக் கையெழுத்துப் போடுவார். விட்டுப்போன அரை நாட்களையும் சரிசெய்வார்கள். மேலாளர் கையெழுத்துப் போட்டார், நானும் போட்டேன். என் கரி விரல் தாளின் ஓரத்தில் பதிந்துவிட்டது. துடைக்கப் போனேன். "இருக்கட்டும்" என்றார் அதிகாரி.

பதினெட்டுப் பேரும் வெளியே போனதாக அதிகாரி திரையில் பதிந்த பிறகுதான் ஆபரேட்டர் பெல்ட்டை ஓட்டினார். கேட்டைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். கேபினிலிருந்து கையைத் தூக்கிக் காட்டினார்.

டிரம் மறுநாளே வந்தது. கழுவுமிடம் சொன்ன மாதத்துக்குள் முடியவில்லை, இன்னொரு வாரம் இழுத்தது. ஐந்து குழாய், உள்தாழ்ப்பாள் போட்ட கதவு, துணி மாட்ட ஆணி, சுவரில் ஒரு நீளக் கண்ணாடி. கண்ணாடியைப் பொருத்திய கொத்தனார் தன் உயரத்துக்குப் பொருத்திவிட்டுப் போயிருந்தார். எங்களில் பாதிப் பேருக்கு வகிடு மட்டும்தான் தெரிந்தது. மூத்த அக்கா அவரைத் தேடிப் பிடித்துக் கூட்டிவந்து ஒரு சாண் இறக்க வைத்தாள். சோப்பு யார் வாங்குவது என்று கம்பெனிக்கும் கான்ட்ராக்டருக்கும் மறுபடி பந்தாட்டம் தொடங்கியது. இந்த முறை இரண்டே நாளில் முடிந்துவிட்டது, கான்ட்ராக்டர் வாங்குகிறார்.

சங்கச் செயலாளர் ஒரு பெரிய போஸ்டர் அடித்து ஆலைச் சுவரில் ஒட்டினார். "மகத்தான வெற்றி" என்று கொட்டை எழுத்து. அவர் படம் ஆள் உயரத்துக்கு இருந்தது. எங்கள் படம் இல்லை. எங்களுக்கு வருத்தமில்லை. சட்டம் எழுதின தாள் அவர் கொடுத்ததுதானே? "அடுத்தது ஒண்ணா, பன்னெண்டாண்ணே?" என்று கேட்டேன். "ஒவ்வொண்ணா கேளும்மா, ஒவ்வொண்ணா" என்று சிரித்தார். இப்போது மழைக்கோட்டு கேட்டு எழுதியிருக்கிறோம். அதிலும் ஒரே ஒரு கோரிக்கைதான்.

ஒரு நாள் ஆபரேட்டர் தயங்கித் தயங்கி வந்தார். ஆண்கள் ஓய்வறைக் குழாய் உடைந்துவிட்டதாம். நாங்கள் போன பிறகு எங்கள் இடத்தில் கை கழுவிக்கொள்ளலாமா என்று கேட்டார். பதினெட்டுப் பேரும் கூடிப் பேசினோம். இரண்டரை மணிக்கு மேல் வரலாம், போகும்போது இடத்தையும் கழுவிவிட்டுப் போக வேண்டும் என்று முடிவு சொன்னோம். "எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணுமா?" என்றார். "ஒங்க வாய் வார்த்தையே போதுங்கண்ணே" என்றோம். அதற்குப் பிறகு அவர் டீயை எடுத்துக்கொண்டு எங்கள் பக்கம் வந்து நிற்பது வழக்கமாகிவிட்டது.

கழுவுமிடம் திறந்த அன்று ஐந்து குழாயையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு நாங்கள் போட்ட சத்தத்தில் செக்யூரிட்டி ஓடி வந்து கதவுக்கு வெளியே நின்று, "ஒண்ணுமில்லையே?" என்று கேட்டார். ஒருத்தி பவுடர் கொண்டுவந்திருந்தாள். வேறொருத்தி சீப்பு. பதினெட்டுப் பேருக்கும் வரிசையாக "நன்றி" வந்தது.

வழக்கமாக ஷேர் ஆட்டோ நேராக ஊரைப் பார்த்துத்தான் போகும். கரி பூசிய முகத்தோடு கடைத்தெருவில் இறங்க எங்களுக்குக் கூச்சம். அன்றைக்கு மூத்த அக்கா ஆட்டோக்காரர் தோளைத் தட்டி, "மெயின் பஜார் வுடுப்பா" என்றாள். பின்னால் மீதிப் பேர் வந்த ஆட்டோவும் சேர்ந்து திரும்பியது. ஒரு ஐஸ்கிரீம் கடைக்குள் பதினெட்டுப் பேரும் நுழைந்தோம். நாற்காலி போதாமல் கடைக்காரர் உள்ளேயிருந்து ஸ்டூல் எடுத்து வந்து போட்டார்.

"எல்லாரும் ஒரே ஆபீஸுங்களா?" என்று கேட்டார்.

"ஒரே ஆபீஸுதாங்க" என்றாள் மூத்த அக்கா. "பெல்ட்டுக்குக் கீழ."

அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, தலையை ஆட்டிவிட்டு அட்டையை நீட்டினார். என்ன வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் வேலை மறுபடி என்னிடம் வந்தது. பிஸ்தாவா மாம்பழமா என்று முடிவெடுக்க, பெல்ட்டை நிறுத்தியதைவிட அதிக நேரம் ஆயிற்று.